226ஆம் இடத்தில் என்ன இருக்கிறது?

தருமபுரி மாவட்டத்தில் கோழி இல்லாத ஊர் கிடையாது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் தோட்டங்களில் பிராய்லர் கொட்டகைகள் நீள நீளமாக நிற்கின்றன. கம்பெனி குஞ்சும் தீவனமும் இறக்கும்; விவசாயி வளர்த்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். மலையடிவாரத்து வீடுகளில் நாட்டுக்கோழி பகலெல்லாம் முற்றத்தில் மேய்ந்து, பொழுது சாய்ந்தால் திண்ணையோரக் கூடையில் அடைகிறது. இவற்றுக்கு நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாமக்கல் முட்டை லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் பெங்களூரு போய்க்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு கொட்டகையில் கோழிகள் கொத்தாகச் செத்தால் எல்லோரும் முதலில் நினைப்பது வெள்ளைக்கழிச்சலைத்தான். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்று சொல்லும் இந்த நோய்க்குத்தான் ஆண்டுதோறும் பிப்ரவரியில் அரசு ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஆனால் கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, முகம் வீங்கி, நேற்று நன்றாகத் தீவனம் எடுத்த கோழிகள் இன்று வரிசையாக விழுந்தால், பறவைக் காய்ச்சலோ என்று கேட்டே ஆக வேண்டும். வெளி அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. அதனால்தான் மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது.

ஆய்வகத்தில் அந்த மாதிரிக்கு இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. இது பறவைக் காய்ச்சல்தானா என்பது முதல் கேள்வி. செய்தித்தாள்களில் நாம் படிப்பதெல்லாம் இதற்கான பதில்தான். இரண்டாவது கேள்வி வெளியே அதிகம் தெரியாதது: இந்த வைரஸ் மனிதனை நோக்கி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது? முதல் கேள்விக்கு ஓரிரு நாளில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்காக உலகெங்கும் விஞ்ஞானிகள் 1997 முதல் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆண்டுதான் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. கோழியிடமிருந்து நேராக மனிதனுக்குத் தாவிக் கொன்ற பறவைக் காய்ச்சலை உலகம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது.

மாதிரி எடுப்பது எளிய வேலை. கோழியின் தொண்டையில் ஒரு ஸ்வாப், கழிவுத் துவாரத்தில் ஒரு ஸ்வாப். இரண்டையும் வைரஸ் சாகாமல் வைத்திருக்கும் திரவத்தில் முக்கி, மூன்று அடுக்காகப் பொதிந்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகம் முதற்கட்டச் சோதனை செய்யும். கர்நாடகப் பக்கம் என்றால் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள மண்டல ஆய்வகம். இறுதித் தீர்ப்பு சொல்லும் இடம் நாட்டுக்கே ஒன்றுதான்: போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது, இந்தியாவுக்குள் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று உறுதி செய்தது இந்த ஆய்வகம்தான்.

பிசிஆர் சோதனை இப்போது எல்லோருக்கும் தெரியும். கொரோனா அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதற்கும் முந்தைய பழைய சோதனை ஒன்று இன்றும் நடக்கிறது. அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மனிதனுக்குப் பழகிய வைரஸ் எது என்ற ரகசியம் அதற்குள்தான் இருக்கிறது.

ஒன்பது முதல் பதினொரு நாள் அடைவைத்த முட்டையின் ஓட்டில் சிறு துளை போட்டு, ஸ்வாப் திரவத்தை ஊசியால் உள்ளே செலுத்துகிறார்கள். வைரஸ் இருந்தால் கருவைச் சூழ்ந்த நீரில் அது பெருகும். சில நாள் கழித்து அந்த நீரை உறிஞ்சி எடுத்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் பாதிப் பாதியாக நீர்க்கச் செய்து ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் கோழியின் சிவப்பணுக்களைச் சேர்க்கிறார்கள். முப்பது, நாற்பது நிமிடம் அப்படியே விடுகிறார்கள். வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் சரிந்து அடியில் சேர்ந்து, குங்குமப் பொட்டு வைத்தது போல வட்டமாக நிற்கும்; தட்டைச் சாய்த்தால் பொட்டு கரைந்து வழியும். வைரஸ் இருக்கும் குழியில் பொட்டு விழாது. வைரஸ்கள் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், மெல்லிய செந்திரை ஒன்று குழி முழுக்கப் பரவி நிற்கும். சாய்த்தாலும் அசையாது.

இதை 1941இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கண்டுபிடித்தார். முட்டையிலிருந்து வைரஸ் நீரை எடுக்கும்போது ரத்தக் குழாய் அறுந்து ரத்தம் கலந்துவிட்டது. அந்த அணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டதை அவர் கவனித்தார். பாழான மாதிரி என்று கொட்டிவிடாமல், ஏன் ஒட்டுகிறது என்று யோசித்தார். இன்ஃப்ளூயன்சா ஆய்வின் பெரும்பகுதி அந்த யோசனையிலிருந்து கிளைத்ததுதான். ராணிக்கெட் வைரசும் இதே போல அணுக்களை ஒட்டவைக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதனால் செந்திரையைப் பார்த்த மாத்திரத்தில் பறவைக் காய்ச்சல் என்று அறிவிக்க முடியாது. பறவைக் காய்ச்சலின் எச்5, எச்7, எச்9 வகைகள், ராணிக்கெட் என ஒவ்வொன்றுக்கும் எதிரான சீரத்தைத் தனித்தனியாகச் சேர்த்து, எதைச் சேர்த்தபோது ஒட்டுதல் நின்றது என்று பார்த்த பிறகே பெயர் சொல்வார்கள்.

வைரஸ் எதைப் பிடித்து ஒட்டுகிறது? நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலியின் நுனியில் சையாலிக் அமிலம் என்ற மூலக்கூறு இருக்கும். வைரசின் உடம்பெங்கும் முளைத்திருக்கும் எச் புரதம் அந்த நுனியைத்தான் கவ்வுகிறது. சையாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணைவதில் இரண்டு விதம் உண்டு. ஆல்ஃபா 2,3 என்று ஒன்று, ஆல்ஃபா 2,6 என்று மற்றொன்று. வாத்து, நீர்ப்பறவைகளின் குடலில் முதல் வகை நிறைந்திருக்கிறது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழலின் மேல்பகுதியிலும் இரண்டாவது வகை. பறவை வைரஸ் முதல் வகையைத் தேடும். மனித ஃப்ளூ வைரஸ் இரண்டாவதைத் தேடும்.

நம்மை இதுவரை காத்துவந்திருப்பது இந்தச் சின்ன வேறுபாடுதான். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நுரையீரலின் ஆழத்தில், காற்றுப்பைகளில், பறவை வகைச் சர்க்கரை நமக்கும் உண்டு. கோழிகளோடு நெருங்கிப் புழங்கும் ஒருவர் வைரசை ஆழமாக உள்ளிழுத்துவிட்டால், அது அங்கே போய்ப் பிடித்துக் கடும் நிமோனியாவை உண்டாக்கும். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எச்5என்1 தொற்றிய மனிதர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். ஆனால் ஆழத்தில் இருக்கும் வைரஸ் இருமலிலும் தும்மலிலும் எளிதாக வெளியே வருவதில்லை. அதனால் ஒருவரோடு நின்றுவிடுகிறது. மேலே, தொண்டையில் ஒட்டக் கற்றுக்கொண்டால் நிலைமை மாறிவிடும்.

ஒட்டக் கற்றுக்கொள்வது என்பது வேதியியலில் மிகச் சின்ன வேலை. எச் புரதம் அமினோ அமிலங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. அதில் 226ஆம் இடத்தில் பறவை வைரசுக்குக் குளுட்டமின் இருக்கும். 228ஆம் இடத்தில் கிளைசின். 1957இலும் 1968இலும் உலகைச் சுற்றிவந்த பெருந்தொற்று வைரஸ்கள் 226இல் லியூசினையும் 228இல் செரினையும் வைத்துக்கொண்டு வந்தன. 1918இன் வைரஸ் வேறு வழியில் போனது. அது 190ஆம் இடத்தையும் 225ஆம் இடத்தையும் மாற்றிக்கொண்டது. எச்5 வகைக்கு இப்படி மாற எத்தனை படி ஏற வேண்டும்? பல மாற்றங்கள் சேர்ந்தாக வேண்டும் என்றே நெடுநாள் கருதப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அங்கே மாடுகளிடம் பரவிய எச்5என்1 வகையில் 226ஆம் இடம் ஒன்று மட்டும் லியூசினாக மாறினாலே அதன் எச் புரதம் மனிதச் சர்க்கரையின் பக்கம் திரும்பிவிடுகிறது என்றார்கள். இந்த ஆய்வில் அவர்கள் உயிருள்ள வைரஸ் எதையும் உருவாக்கவில்லை. புரதத்தை மட்டும் தயாரித்துச் சோதித்தார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஒட்டும் குணத்தைச் சோதிக்கப் பழைய சிவப்பணுத் தட்டையே விஞ்ஞானிகள் நுட்பமாக்கியிருக்கிறார்கள். குதிரையின் சிவப்பணுக்களில் பறவை வகைச் சர்க்கரையே மிகுதி. வான்கோழியின் அணுக்களில் இரண்டும் உண்டு. ஒரு வைரஸ் எதை ஒட்டவைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்தாலே முதல் தடயம் கிடைக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், ஒரு நொதியைக் கொண்டு அணுக்களின் சையாலிக் அமிலம் முழுவதையும் உரித்துவிட்டு, வேறொரு நொதியால் ஒரே வகையை மட்டும் மறுபடி ஒட்டவைக்கிறார்கள். ஒரு தட்டில் ஆல்ஃபா 2,3 அணுக்கள், பக்கத்துத் தட்டில் ஆல்ஃபா 2,6 அணுக்கள். இரண்டாவது தட்டில் செந்திரை விரிந்தால் அந்த வைரசைப் பற்றி உடனே பல பேருக்குத் தகவல் போக வேண்டும்.

ஆனாலும் ஒட்டினால் மட்டும் போதாது. ஆசியக் கோழிகளிடையே சுற்றும் எச்9என்2 வைரஸ்கள் பலவற்றில் 226ஆம் இடத்தில் ஏற்கெனவே லியூசின் இருக்கிறது. அங்கொருவர் இங்கொருவராக மனிதர்களைத் தொற்றுகின்றன. மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொடர்ந்து பரவவில்லை. உள்ளே நுழைந்த பிறகு பெருகவும் தெரிய வேண்டும் என்பதே காரணம்.

பெருகும் வேலைக்கு வைரசிடம் பிபி2 என்றொரு புரதம் இருக்கிறது. அதன் 627ஆம் இடத்தில் பறவை வைரசுக்குக் குளுட்டமிக் அமிலம். மனிதனுக்குப் பழகியவற்றில் பெரும்பாலும் லைசின். வைரஸ் தன்னை நகலெடுக்க நம் செல்லில் இருக்கும் ஏஎன்பி32ஏ என்ற புரதத்தின் துணை தேவை. பறவைகளில் அந்தப் புரதத்தில் 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. நம்மிடம் அந்தத் துண்டு இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்லேயின் குழு 2016இல் இதைக் கண்டுபிடித்தது. கோழிக்குள் வேகமாகப் பெருகும் வைரஸ் நம் செல்லுக்குள் ஏன் தடுமாறுகிறது என்ற பழைய புதிருக்கு விடை கிடைத்தது. 627 மாறினால் அந்தத் தடுமாற்றம் தீர்கிறது. வெப்பமும் இதில் சேர்கிறது. பறவையின் குடலில் சுமார் 40 டிகிரி. நம் மூக்கில் 33 டிகிரி. குளிர்ந்த மூக்கில் பெருகவும் இந்த மாற்றமே உதவுகிறது. 2024இல் டெக்சாசில் மாட்டுப்பண்ணைத் தொழிலாளி ஒருவருக்குக் கண் சிவந்தபோது, அவரிடமிருந்து எடுத்த வைரசில் 627 மாறியிருந்தது. அவர் நலமடைந்தார், வேறு யாருக்கும் பரவவில்லை.

மூன்றாவதாக, எச் புரதம் காற்றில் மிதக்கும் துளிக்குள் சிதையாமல் தாங்குமா என்று அமிலத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். டாமிஃப்ளூ மருந்து கேட்குமா என்று, எச்5என்1 என்ற பெயரில் எச்சுக்கு அடுத்து வரும் ‘என்’ புரதத்தையும் பார்த்துவிடுவார்கள். எட்டுத் துண்டுகளாக இருக்கும் வைரசின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டால், ஆபத்தானவை என்று தெரிந்த இடங்கள் மாறியிருக்கின்றனவா என்று பட்டியலோடு ஒப்பிடலாம். பட்டியலில் இல்லாத புது மாற்றம் என்றால் தட்டிலும் செல்லிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியல் உருவான வரலாற்றில் ஒரு பெரும் சர்ச்சை உண்டு. 2011இல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியேரும், விஸ்கான்சினிலும் டோக்கியோவிலும் ஆய்வகம் நடத்திய யோஷிஹிரோ கவாவோக்காவும் தனித்தனியாக எச்5 வைரசை மாற்றி, ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிகளிடையே காற்று வழியே பரவவைத்தார்கள். ஃபூஷியேர் மூன்று மாற்றங்களைச் செய்துவிட்டு, ஒரு ஃபெரெட்டிலிருந்து அடுத்ததற்கு என்று பத்து முறை கடத்தினார். எஞ்சிய மாற்றங்களை வைரஸ் தானே தேடிக்கொண்டது. செய்முறையை வெளியிடலாமா என்று உலகம் விவாதித்தது. 2012 ஜனவரியில் விஞ்ஞானிகளே முன்வந்து ஆய்வை நிறுத்தி, ஓராண்டு கழித்துத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசு 2014 அக்டோபர் முதல் 2017 டிசம்பர் வரை இத்தகைய ஆய்வுகளுக்கு நிதியை நிறுத்திவைத்தது.

அந்தச் சோதனைகளால் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எச்5 ஒருநாளும் காற்றில் பரவாது என்று நம்பியவர்களின் வாயை அவை அடைத்தன. எந்த இடங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் காட்டின. ஆனால் இயற்கையில் இல்லாத ஒரு வைரசை உருவாக்கிப் பூட்டி வைத்திருப்பதன் அபாயம், பூட்டு எவ்வளவு நல்லதானாலும், இருந்துகொண்டேதான் இருக்கும். ஸ்கிரிப்ஸ் செய்தது போல வெறும் புரதத்தை வைத்தே இவ்வளவு கற்றுக்கொள்ள முடிகிறது என்றால் அந்த வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நம்மைப் போன்ற நாட்டுக்கு அவசரத் தேவை, வயலிலும் கொட்டகையிலும் இயற்கை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பதை வேகமாகப் படிப்பது.

நம் நாட்டில் இயற்கை எழுதுவது குறைவில்லை. 2012 அக்டோபரில் தருமபுரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரு ஹெசரகட்டா மத்தியக் கோழிப் பண்ணையில் வான்கோழிகளுக்கு எச்5என்1 வந்தது. 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஹரியானா சிறுவன் எச்5என்1 தொற்றி இறந்தான். இந்தியாவில் இந்த வைரசால் நேர்ந்ததாக உறுதியான முதல் மரணம் அது. 2024 தொடக்கத்தில் கொல்கத்தா வந்து திரும்பிய ஆஸ்திரேலியக் குழந்தை ஒன்றுக்கு எச்5என்1 இருந்தது ஊர் திரும்பிய பின் தெரியவந்தது. அந்த வைரசைப் படித்தபோது, தெற்காசியாவில் பல ஆண்டுகளாகச் சுற்றும் வகையின் எச் மரபணுவோடு, உலகெங்கும் பரவிய புது வகையின் துண்டுகளும் கலந்திருந்தன. ஒரே பறவைக்குள் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொண்டால்தான் இப்படி வரும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரசால் செத்தன. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகச் செய்தி வந்தது. புனே தேசிய வைரலாஜி நிறுவனம்தான் வைரசை உறுதி செய்தது.

இவற்றில் எந்த வைரசும் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவத் தொடங்கவில்லை. இது ஆறுதலான செய்தி. இது நமக்குத் தெரியவந்ததே மாதிரி ஆய்வகத்துக்குப் போனதால்தான்.

2019இல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் மலைப்பகுதியில் 17 மாதக் குழந்தைக்கு எச்9என்2 இருந்தது கண்டறியப்பட்டது. இந்தியாவில் மனிதருக்கு அந்த வகை வந்தது பதிவானது அதுவே முதல்முறை. யாரும் பறவைக் காய்ச்சலைத் தேடிப் போகவில்லை. வேறொரு சுவாச வைரசுக்காக அந்தப் பழங்குடிக் கிராமங்களில் நடந்துகொண்டிருந்த கண்காணிப்பில் எடுத்த சளி மாதிரியில் தற்செயலாகச் சிக்கியது. அந்தக் கண்காணிப்பு இல்லாதிருந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே போயிருக்கும். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் ஒரு குழந்தைக்கு இப்படிக் காய்ச்சல் வந்தால் யார் மாதிரி எடுப்பார்கள்? கொரோனா காலத்தில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பிசிஆர் சோதனை நடந்தது. கருவியும் பழகிய கைகளும் மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்துவிட்டன. கடும் நிமோனியாவோடு வரும் நோயாளிகளின் மாதிரியில் ஃப்ளூ தெரிந்து, அது வழக்கமான மனித வகைகளில் எதுவும் இல்லை என்றால் உடனே புனேக்கு அனுப்பும் வழக்கத்தை இந்தக் கட்டமைப்பின் மேலேயே நிலைநிறுத்தலாம். போபால் வேளாண் அமைச்சகத்தின் கீழ், புனே சுகாதார அமைச்சகத்தின் கீழ் என்று பிரிந்து கிடப்பதால், கோழியில் கண்டதும் மனிதனில் கண்டதும் ஒரே மேசைக்கு வரத் தாமதமாகக் கூடாது.

மாதிரி கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் பணம். பறவைக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகளையெல்லாம் அழிப்பார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு தரும். முட்டைக்கும் தீவனத்துக்கும் உண்டு. ஏற்கெனவே செத்துப்போன கோழிக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட விவசாயி முதல் நாளே தகவல் சொல்வார். தெரியாதவர் மூன்று நாள் காத்திருந்து, செத்ததை ஏரிக்கரையில் வீசிவிட்டு, மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஒப்பந்தப் பண்ணையில் கோழி கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. கொட்டகை மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் நஷ்டத்துக்கும் இழப்பீட்டில் இடம் வேண்டும். அதைச் செய்யாமல் விவசாயியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் பறவைக் காய்ச்சல் வராது; 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் செத்துவிடும். ஆகவே நோய்ச் செய்தி வந்த நாளில் கோழிக்கறியை ஒதுக்க வேண்டியதில்லை. பச்சைக் கறியைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கோழிகளோ காக்கைகளோ கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ அன்றைக்கே சொல்லுங்கள். அதன் பிறகு பத்து நாளுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உட்கார்ந்ததும் டாக்டர் கேட்பார் என்று காத்திராமல், "எங்க வீட்டுல கோழிங்க செத்துச்சு" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.